பெட்ரோல் ட்யூப் போற வழியை படமா வரைஞ்சு சீட்டுக்கு அடியில ஒட்டிக் குடுக்கணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியில இருந்து எழுதுறேன். நம்ம ஊர்ப் பக்கம் பைக்கை வீட்டுலயே கழட்டி மாட்டுற ஆளுங்க இப்ப ரொம்ப ஜாஸ்தி ஆயிட்டாங்க, செல்லுல ஒரு வீடியோவை ஓட விட்டுட்டு பக்கத்துலயே ஸ்பேனர் செட்டை விரிச்சு வச்சு ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர் ஊதுறது, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்பரேட்டரைக் கழட்டி கிளீன் பண்ணுறதுன்னு எல்லாமே வாசல்லயே நடக்குது. நல்ல விஷயம்தான். எங்க வீட்டு ஸ்பிளெண்டரும் தம்பியோட பல்சரும் அப்படித்தான் ஓடுது. ஆனா உங்க பேப்பர்ல வர்ற பராமரிப்பு டிப்ஸ் ஆகட்டும், செல்லுல வர்ற வீடியோ ஆகட்டும், எந்த போல்ட்டைக் கழட்டணும்னு விலாவாரியா சொல்றாங்க, திரும்ப மாட்டும்போது ட்யூப் எந்த வழியா போகணும், எதுக்கு மேல போகக்கூடாது, எங்க முடியணும்னு ஒருத்தரும் வாயைத் திறக்குறதில்ல. ஒரு பழைய பைக்ல டேங்க்கைத் தூக்கிட்டுப் பார்த்தா குறைஞ்சது நாலஞ்சு ட்யூப் கண்ணுக்குத் தெரியும், எல்லாமே கருப்பு, எல்லாமே ஒரே மாதிரி, எது எதுக்குன்னு எங்கயும் எழுதியிருக்காது.

அதனால என்னோட கோரிக்கையை முதல்லயே சொல்லிடறேன். இந்தியாவுல விக்கிற ஒவ்வொரு பைக்குலயும் ஸ்கூட்டர்லயும் சீட்டுக்கு அடியில ஒரு படம் ஒட்டணும், பெட்ரோல் ட்யூப், காத்து ட்யூப், ஓவர்ஃப்ளோ ட்யூப் எல்லாம் எந்த வழியா போகுதுன்னு அதுல இருக்கணும், தமிழ்நாட்டுல விக்கிற வண்டியில அது தமிழ்ல இருக்கணும். கம்பெனிகிட்ட இந்தப் படம் இல்லாம இல்ல, மெக்கானிக்குங்களுக்குன்னு போடுற சர்வீஸ் மேனுவல்ல கேபிள், வயரிங், ட்யூப் எல்லாம் எந்த கிளிப்புக்குள்ள நுழைஞ்சு எந்தப் பக்கமா வரணும்னு பக்கம் பக்கமா படம் போட்டிருப்பாங்க, வண்டி வாங்குறவங்க கையில குடுக்கற சின்ன புத்தகத்துலதான் அது இருக்காது. கலிஃபோர்னியாவுல விக்கிறதுக்குன்னு ஹோண்டா தயாரிச்ச பைக்குகள்ல இன்ஜின் காத்தை இழுக்கற இழுவை போற ட்யூபான வேக்குவம் ஹோஸ் எது எங்க போகுதுங்கற வரைபடத்தை ஸ்டிக்கராவே வண்டியில ஒட்டியிருப்பாங்க, அங்க காத்து மாசு விதி கடுமையா இருக்கறதால. டயர்ல எவ்வளவு காத்து வைக்கணும்னு இங்க ஸ்டிக்கர் ஒட்டுறாங்கல்ல, அதே மாதிரி இதையும் ஒட்டுறதுக்கு பெருசா ஒண்ணும் செலவாகாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்டா நம்ம ஊர்ல வண்டியை நிப்பாட்டுற இடத்தைப் பாருங்க. சின்ன வீடு, தெருவுல விட்டா பெட்ரோல் திருடுறாங்கன்னு பயம், அதனால ராத்திரி ஆனா பலகையைப் போட்டு வண்டியைத் தள்ளி நடையிலயோ மாடிப்படிக்கு அடியிலயோ ஏத்தி வச்சுடுறாங்க. அங்கதான் ஈபி மீட்டர் இருக்கும், தண்ணி மோட்டர் சுவிட்ச் இருக்கும், பல வீட்டுல இன்வெர்ட்டர் பேட்டரியும் அங்கதான். நாலு எட்டு தள்ளி சாமி விளக்கு. பெட்ரோல் ஆவி காத்தை விட 3, 4 மடங்கு கனம், மேல போகாது, தரையோட தரையா பரவி பள்ளமான இடத்துல தங்கிடும். தீப்பொறி பட்டா ஆவி பத்திக்கிற வெப்பநிலை பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரிக்கும் கீழ, அப்படின்னா நம்ம ஊர் மார்கழி குளிர்லயும் சரி சித்திரை வெயில்லயும் சரி அது எப்பவும் பத்திக்கத் தயாராத்தான் இருக்கு. ராத்திரி பூரா ஒரு ட்யூப் முனையில சொட்டு சொட்டா கசிஞ்சா காலையில மோட்டர் சுவிட்சைப் போடுறவங்க கதி என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. தீப்பெட்டித் தொழில் பண்ற ஊர்ல இருந்து சொல்றேன், நெருப்பு விஷயத்துல பார்த்துக்கலாம்ங்கற பேச்சே கூடாது.

ஸ்பிளெண்டரையே எடுத்துக்குறேன், ஏன்னா தெருவுக்கு ஒண்ணாவது நிக்குது. 1994ல வந்த வண்டி, கார்பரேட்டர் வச்ச மாடல் இன்னும் லட்சக்கணக்குல ஓடிக்கிட்டு இருக்கு. சீட்டைக் கழட்டி, டேங்க் பின்னாடி இருக்கற போல்ட்டைக் கழட்டி, டேங்க் அடியில பெட்ரோலைத் திறந்து மூடுற திருகு, அதாவது பெட்ரோல் காக், அதை ஆஃப்ல வச்சு, ட்யூபைப் பிடுங்கி, பெட்ரோல் முள்ளுக்குப் போற வயர் இருந்தா அந்த சாக்கெட்டையும் விடுவிச்சு, டேங்க்கைப் பின்னாடி இழுத்துத் தூக்குனா வந்துடும். கழட்டுறது கஷ்டமே இல்ல. திரும்ப வைக்கும்போதுதான் வினை. முன்னாடி இருக்கற ரப்பர் புஷ்ல டேங்க் உக்காரணும், அது லேசா டைட்டா இருக்கும், அதனால டேங்க்கைக் குலுக்கி முன்னாடி தள்ளுவாங்க, அந்த நேரத்துல கண்ணு ரப்பர் புஷ்லதான் இருக்குமே தவிர அடியில என்ன நடக்குதுன்னு பார்க்காது. டேங்க்கோட உள் விளிம்புக்கும் ஃப்ரேம் பைப்புக்கும் நடுவுல ஒரு விரல் அகலம் கூட இருக்காது, அங்க ஒரு ட்யூபோ வயரோ மாட்டிக்கிச்சுன்னா மேல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, சீட்டைப் போட்டு மூடிட்டா அவ்வளவுதான். உடனே எதுவும் ஆகாது, வண்டி ஸ்டார்ட் ஆகும், தெருவுல ஒரு ரவுண்டு நல்லாவும் போகும், அப்புறம் பைபாஸ்ல ஏறி ஆக்ஸிலேட்டரை முறுக்குறப்பதான் இருமி இருமி நிக்கும்.

எங்க தெருவுலயே ஒருத்தர் வண்டிக்கு இதேதான் நடந்துச்சு, எட்டயபுரம் ரோட்டுல போகும்போது வேகம் பிடிச்சா கட் ஆகும், ஓரமா நிப்பாட்டி ரெண்டு நிமிஷம் கழிச்சு உதைச்சா ஸ்டார்ட் ஆகும். ஒரு பட்டறையில பிளக்கை மாத்துனாங்க, அடுத்து காயில் போச்சுன்னாங்க, கடைசியில கார்பரேட்டரே புதுசு போடணும்னு சொல்லி போட்டும் விட்டாங்க, காசு போனதுதான் மிச்சம், வண்டி அப்படியேதான் இருந்துச்சு. கடைசியா டேங்க்கைத் தூக்கிப் பார்த்தா ட்யூப் ஃப்ரேம் மேல நசுங்கி சப்பையா போயிருக்கு, நசுங்குன தழும்பு ட்யூப் மேல பளபளன்னு ஒரு கோடா தெரியுது. மெதுவா போனா அந்த சந்துல வர்ற பெட்ரோலே போதும், வேகமா போனா கார்பரேட்டர் தொட்டியில இருக்கறது தீர்ந்து போகும், நின்ன பிறகு மறுபடியும் மெல்ல நிரம்பும். இது ஒரு சின்ன படம் இருந்திருந்தா வீட்டுலயே தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

இதே மாதிரி நின்னு நின்னு ஓடுற வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிடறேன். டேங்க் மூடியில காத்து உள்ள போறதுக்குன்னு ஒரு நூல் ஓட்டை இருக்கும், பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்கு காத்து வரணும், இல்லன்னா பெட்ரோல் இறங்காது. வண்டி நின்னவுடனே மூடியைத் திறந்து பாருங்க, உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்து அப்புறம் வண்டி நல்லா ஓடுச்சுன்னா ஓட்டைதான் அடைச்சிருக்கு, கார்பரேட்டர் மேல பழி போடாதீங்க. எங்க கரிசல் மண்ணு தூசி மாவு மாதிரி, அது இந்த ஓட்டையில போய் படிஞ்சு மழை ஈரத்துல இறுகிடும்.

கார்பரேட்டர் பக்கத்துல இருந்து கீழ தொங்குற ட்யூப்புங்களை நிறைய பேரு தேவையில்லாத வால்னு நினைச்சு வெட்டி எறியுறாங்க. அதுல ஒண்ணு ஓவர்ஃப்ளோ. உள்ள பெட்ரோல் மட்டம் ஏறுனா வழியை மூடுற ஃப்ளோட் ஊசியில தூசி மாட்டிக்கிட்டா பெட்ரோல் நிக்காம ஏறிக்கிட்டே இருக்கும், அந்த அதிகப்படி பெட்ரோலை சூடான இன்ஜின் மேல விழாம, சைலன்சர் மேல விழாம, பத்திரமா கீழ தரைக்குக் கொண்டு போறதுக்குத்தான் அந்த ட்யூப். அதை வெட்டிட்டா பெட்ரோல் நேரா கொதிக்கற இன்ஜின் மேலதான் சொட்டும். அது முடியற இடமும் முக்கியம், இன்ஜினுக்குக் கீழ வரைக்கும் இறங்கணும், சைலன்சரைத் தொடக்கூடாது, செயின்ல மாட்டக்கூடாது, பின் டயர் பக்கம் திரும்பியிருக்கவே கூடாது, ஓடும்போது டயர் மேல பெட்ரோல் பட்டா வளைவுல வழுக்கிடும். இன்னொண்ணு காத்துக்கான வென்ட் ட்யூப், ஃப்ளோட் தொட்டிக்குள்ள வெளிக்காத்தோட அழுத்தம் இருந்தாத்தான் பெட்ரோல் அளவா ஜெட்டுங்கற சின்னத் துளைக்கு ஏறும். அந்த ட்யூப் மடங்குனாலோ, குளவி மண்ணு வச்சு அடைச்சாலோ வண்டி தாறுமாறா ஓடும். சென்னையில முழங்கால் தண்ணியில வண்டியை விட்டுட்டு சைலன்சர்ல தண்ணி போகலையே ஏன் நின்னுச்சுன்னு கேக்கறவங்க இருக்காங்க, பல நேரம் இந்த வென்ட் ட்யூபோட முனை தண்ணிக்குள்ள முங்குனதே காரணமா இருக்கும்.

அப்பாச்சி, எஃப்இசட் மாதிரி டேங்க்கோட சமமா மூடி பதிஞ்சிருக்கற வண்டிங்கள்ல மூடியைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், அதுல விழுற மழைத் தண்ணி டேங்க் உள்ளயே ஒரு குழாய் வழியா இறங்கி அடியில இருக்கற ட்யூப் வழியா வெளிய போகும். டேங்க்கைத் திரும்ப வைக்கறப்ப இந்த ட்யூபை மாட்ட மறந்துட்டா வாட்டர் வாஷ் பண்ற தண்ணியெல்லாம் இன்ஜின் மேலயும் வயரிங் மேலயும் கொட்டும். ட்யூப் தூசியில அடைச்சிருந்தா தண்ணி மூடியைச் சுத்தி தேங்கி ரப்பர் வாஷர் வழியா டேங்க்குக்குள்ள கசியும். இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது, எத்தனால் தண்ணியை இழுத்து வச்சுக்கும், அளவுக்கு மேல தண்ணி சேர்ந்தா எத்தனாலும் தண்ணியுமா பிரிஞ்சு அடியில தங்கிடும், காக் திறந்தா முதல்ல அதுதான் கார்பரேட்டருக்கு வரும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை அந்த ட்யூபைக் கழட்டி வாயால ஊதாம சைக்கிள் பம்ப்ல காத்து அடிச்சுப் பாருங்க, மூடிப் பள்ளத்துல ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனா கீழ வருதான்னு தெரிஞ்சிடும்.

எத்தனால்னு சொன்னதால ட்யூபோட தரத்தைப் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில அறிமுகம் ஆச்சு, இப்ப பங்க்ல போடுறது பெரும்பாலும் அதுதான். 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகம் குடுத்த விளக்கத்துலயே சில பழைய வண்டிகள்ல 20,000ல இருந்து 30,000 கிலோமீட்டர் வரைக்கும் ஓடுன பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாத்த வேண்டி வரலாம்னு சொன்னாங்க. அந்த ரப்பர் பாகங்கள்ல முதல் ஆளு இந்த பெட்ரோல் ட்யூப்தான். ஆனா எந்த ட்யூபை வாங்கணும்னு யாரு சொல்றா? ஸ்பேர்ஸ் கடைக்குப் போனா மீட்டர் கணக்குல வெட்டிக் குடுக்கறாங்க, மஞ்சள், பச்சை, கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ட்யூப், பெட்ரோல் ஓடுறது கண்ணுக்குத் தெரியுதேன்னு பசங்க ஆசையா வாங்குறாங்க. அது கொஞ்ச மாசத்துலயே மஞ்சளாகி விறைச்சுப் போகும், விறைச்சா முனையில பிடிப்பு போயிடும், மடக்குனா விரிசல் விடும். பெட்ரோலுக்குன்னே தயாரிச்சதுன்னு மேல அச்சடிச்சிருக்கற கருப்பு ரப்பர் ட்யூபைக் கேட்டு வாங்குங்க, உங்க வண்டி கம்பெனி பார்ட்டாவே கிடைச்சா இன்னும் நல்லது, விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா ஒரு ஜாண் ட்யூபுக்கு எவ்வளவு ஆயிடும். மீன் தொட்டிக்குப் போடுற ட்யூப், ஆஸ்பத்திரி டிரிப் ட்யூப் இதையெல்லாம் பெட்ரோலுக்கு மாட்டுறதைக் கண்ணால பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு செய்யாதீங்க.

பழைய ட்யூபைக் கட்டிங் பிளேயரால பிடிச்சு இழுக்கறது இன்னொரு வழக்கம். கார்பரேட்டர்ல ட்யூப் நுழையற பித்தளை மூக்கு உள்ள அழுத்தி வச்சதுதான், முரட்டுத்தனமா திருகுனா மூக்கே லூசாயிடும், அப்புறம் எந்த ட்யூப் போட்டாலும் அந்த வேர்ல கசியும். ட்யூப் இறுகியிருந்தா பிளேடால நீளவாக்குல ஒரு கீறு கீறி உரிச்சு எடுங்க, பழசை எப்படியும் தூக்கித்தானே போடப் போறோம். புதுசோட உள்விட்டம் பழசோட உள்விட்டமாத்தான் இருக்கணும், பெருசா இருந்தா கம்பியை முறுக்கிக் கட்டி சமாளிக்கறது ஆபத்து. கம்பி ரப்பரை அறுக்கும். வயர் கட்டுற பிளாஸ்டிக் டேக்கும் வேண்டாம், இன்ஜின் சூட்டுல அது தளர்ந்துடும். ஸ்பிரிங் கிளிப் சில்லறைக் காசுதான், ரெண்டு முனைக்கும் போடுங்க. ட்யூப் முனையை சுடுதண்ணியில கொஞ்ச நேரம் முக்கி எடுத்துத் துடைச்சா இளகி சுலபமா ஏறும், கிரீஸ் தடவக்கூடாது, அதுவே பின்னால வழுக்கிக் கழண்டு வர்றதுக்கு வழி.

ட்யூப் நீளம் கூடவும் இல்லாம குறையவும் இல்லாம அளவா இருக்கணும். டேங்க்கைத் தூக்கும்போது வசதியா இருக்கட்டும்னு முழம் முழமா விட்டா ட்யூப் வளையம் போட்டு ஒரு இடத்துல மேல ஏறி இறங்கும், அந்த மேட்டுல ஆவி சேர்ந்து பெட்ரோலை மறிக்கும், அதுவும் அந்த வளையம் சிலிண்டர் மேல கிடந்துச்சுன்னா மே மாசம் டிராஃபிக்ல நிக்கும்போது ட்யூபுக்குள்ளயே பெட்ரோல் கொதிக்க ஆரம்பிச்சிடும். ரொம்ப குட்டையா வெட்டுனா இன்ஜின் அதிர்ற அதிர்ச்சியில முனையை இழுத்துக்கிட்டே இருக்கும். காக்ல இருந்து கார்பரேட்டர் வரைக்கும் இறக்கமாவே போகணும், மடிப்பு விழாம வளையணும், இன்ஜின் சூட்டை ஆத்துற ஃபின் தகடு மேல உரசக்கூடாது, பிளக் வயரோட ஒட்டிக்கிட்டு போகக்கூடாது. நடுவுல ஃபில்டர் போட்டா அதுல இருக்கற அம்புக்குறி கார்பரேட்டர் பக்கம் பார்க்கணும். கம்பெனியில இருந்து வரும்போது ஃப்ரேம்ல சின்னச் சின்ன கம்பி வளையமும் ரப்பர் பிடியும் இருக்கும், ட்யூபை அதுக்குள்ள நுழைச்சுத்தான் அனுப்பியிருப்பாங்க, ரெண்டு மூணு சர்வீஸ்லயே அதெல்லாம் காணாம போயிடுது, போனா போகுதுன்னு விடாம அதை வாங்கி மாட்டுங்க.

காத்து போற பக்கத்துக்கு வருவோம், இதுல நெருப்பு பயம் கம்மி, ஆனா இன்ஜின் ஆயுசே இதுலதான் இருக்கு. ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல ஒரு தடிச்ச ரப்பர் வாய் இருக்கும், கார்பரேட்டரைத் திரும்ப மாட்டும்போது அதோட உதடு ஒரு ஓரத்துல உள்பக்கமா மடிஞ்சிடும், மேல கிளாம்ப் டைட்டா இருக்கற மாதிரியே தெரியும், அடிப்பக்கம் பிறை நிலா அளவு சந்து திறந்து கிடக்கும். கரிசல் காட்டு தூசி ஃபில்டரைச் சுத்திக்கிட்டு நேரா அந்தச் சந்து வழியாத்தான் உள்ள போகும், பிஸ்டன் ரிங் தேய்ஞ்சு வண்டி புகை விடுற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கையை விட்டு விரலால சுத்தி வரைக்கும் தடவிப் பாருங்க, கண்ணை நம்பாதீங்க. அந்தப் பக்கம் கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற மேனிஃபோல்டு ரப்பர்ல விரிசல் இருந்தா காத்து கூடுதலா போகும், ஐடிலிங், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாதப்ப இன்ஜின் ஓடுற வேகம், ஏறி ஏறி இறங்கும், ஆக்ஸிலேட்டரை விட்டா சைலன்சர்ல பட் பட்னு வெடிக்கும், இன்ஜின் கண்டபடி சூடாகும். இதுக்கு ஐடிலிங் ஸ்குரூவை மட்டும் திருகி அனுப்புறவங்கதான் அதிகம்.

இன்ஜினோட அடிப்பாகமான கிராங்க் கேஸ்ல இருந்து ஏர் பாக்ஸுக்குப் போற, உள்ள சேர்ற அழுத்தத்தை வெளிய விடுற பிரீதர் ட்யூபும் அப்படித்தான், அது நசுங்கிட்டா இன்ஜின் உள்ள அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியா எண்ணெய் வெளிய தள்ளும், சீலை மாத்துவாங்க, மறுபடியும் தள்ளும். கார்பரேட்டர் வச்ச ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்கள்ல பெட்ரோல் காக் தானா திறக்கும், இன்ஜின் இழுக்கற வேக்குவம் ஒரு மெல்லிசு ட்யூப் வழியா வந்து அதைத் திறக்கும், அந்த ட்யூப் வெடிச்சா பெட்ரோல் வராது. பெட்ரோல் ட்யூபையும் வேக்குவம் ட்யூபையும் மாத்தி மாட்டிட்டா வண்டி ஓடாதது மட்டும் இல்ல, பெட்ரோல் தப்பான வழியில போகும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கும், படம் வேணும்னு நான் அடிச்சுக்கிறது இதுக்குத்தான். இன்னும் ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கறவங்க இருக்காங்க, அதுல இன்ஜினுக்கு ஆயிலைத் தானா பம்ப் பண்ற ஆட்டோலூப் இருக்கும், அவங்க அந்த ஆயில் ட்யூபைக் கழட்டுனா பம்ப்ல காத்து ஏறியிருக்கும், அந்தக் காத்தை வெளியேத்தாம ஓட்டுனா பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சிடும்.

பிஎஸ்4ங்கற வண்டிப் புகை கட்டுப்பாட்டு விதி வந்த காலத்துல இருந்து பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்க கரி நிரப்புன கேனிஸ்டர்னு ஒரு டப்பா வந்துச்சு. அது மைலேஜைக் குறைக்குதுன்னு யாரோ கிளப்பி விட, பசங்க கழட்டி வீசிட்டு இன்ஜின் பக்கம் வர்ற ட்யூபை அப்படியே வாயைப் பொளந்து விட்டுடறாங்க, அது வழியா ஃபில்டர் ஆகாத காத்து உள்ள போகுது. கழட்டாதீங்க. பங்க்ல டேங்க்கோட கழுத்து வரைக்கும் ததும்பத் ததும்ப போடச் சொல்றதும் தப்பு, அந்த பெட்ரோல், ஆவி போக வேண்டிய ட்யூப் வழியா கேனிஸ்டருக்குள்ள இறங்கி கரியை நாசம் பண்ணிடும்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிங்க கார்பரேட்டர் இல்லாம பெட்ரோலை அழுத்தத்துல பீச்சுற ஃபியூல் இன்ஜெக்ஷன் ஆயிடுச்சு, இங்க கதையே வேற. டேங்க்குக்கு உள்ள பம்ப் இருக்கும், ட்யூபுக்குள்ள 3 பார் சுமாருக்கு அழுத்தம் நிக்கும், சாவியை ஆஃப் பண்ணாலும் அது உடனே போகாது. நேரா கிளிப்பை அமுக்கிக் கழட்டுனா பெட்ரோல் மூஞ்சியில பீச்சி அடிக்கும். பம்ப் சாக்கெட்டை முதல்ல பிடுங்கிட்டு இன்ஜினை ஓட விடணும், அதுவா நிக்கும், அப்புறம் சாவியை எடுத்து, பேட்டரி மைனஸை விடுவிச்சு, துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு கழட்டணும். திரும்ப மாட்டும்போது டிக்குன்னு சத்தம் வரணும், வந்த பிறகும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கணும். கார்பரேட்டர் வண்டிக்குப் போடுற சாதா ட்யூபை வெட்டி இதுல போட்டு கிளாம்ப் அடிக்கறது தற்கொலைக்குச் சமம். இந்த மாதிரி வண்டியில பெட்ரோல் லைன்ல வேலைன்னா பழக்கம் இல்லாதவங்க தொடாம இருக்கறதே நல்லது, ஆயில் மாத்துங்க, செயினைப் பாருங்க, அதோட நிறுத்திக்கலாம்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப வருத்தம். டேங்க்ல இருந்து பெட்ரோல் எடுக்க ட்யூபை வாயில வச்சு உறிஞ்சுறது. சின்னப் பசங்களை விட்டுச் செய்யச் சொல்ற பெரியவங்களைப் பார்த்திருக்கேன். வாய்க்குள்ள வந்த பெட்ரோல் ஒரு மடக்கு புரை ஏறி நுரையீரலுக்குப் போனாலே நிமோனியா மாதிரி ஆகி உயிருக்கு ஆபத்தாயிடும். விழுங்கிட்டா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைப்பாங்க, அது இன்னும் கேடு, வாந்தியில வர்ற பெட்ரோல்தான் நுரையீரலுக்குள்ள இறங்கும். வாந்தி எடுக்க வைக்காம 108க்கு போன் போடுங்க. பெட்ரோல் எடுக்கணும்னா காக்ல ட்யூபை மாட்டி ரிசர்வ்ல வச்சா அதுவா இறங்கப் போகுது, இரும்பு கேன்லயோ பெட்ரோலுக்குன்னு உள்ள கேன்லயோ பிடிங்க, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல பிடிச்சு வீட்டுல வச்சா குழந்தைங்க எடுத்துக் குடிச்சிடும்.

வேலையை நடைக்குள்ள பண்ணாதீங்க, வெளிய திறந்த இடத்துல, இன்ஜின் ஆறுன பிறகு, கழட்டுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் செல்லுல போட்டோ எடுத்துக்கிட்டு ஆரம்பிங்க. ஒவ்வொரு ட்யூப்லயும் பேப்பர் டேப் ஒட்டி எது எங்க இருந்ததுன்னு எழுதி வைங்க. பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கட்டும், பெட்ரோல் நெருப்புக்கு தண்ணி ஊத்துனா அது மிதந்து இன்னும் பரவும். எல்லாம் மாட்டுன பிறகு காக்கைத் திறந்து வச்சு அடியில பழைய பேப்பரை விரிச்சுட்டு ஒரு அரைமணி நேரம் விடுங்க, ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமா நனைஞ்சு தெரியும், ஆனா கொஞ்ச நேரத்துல காஞ்சு மறைஞ்சிடும்ங்கறதால நடுநடுவுல பார்த்துக்கிட்டே இருக்கணும். ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி ட்யூபோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ இழுக்குதான்னு பாருங்க, இன்ஜின் ஓடும்போதும் திருப்புங்க, ஐடிலிங் தானா ஏறுச்சுன்னா கேபிள் தப்பான வழியில போயிருக்கு. ராத்திரி வண்டியை உள்ள ஏத்துனதும் காக்கை ஆஃப் பண்ணுங்க, கார்பரேட்டர் வண்டிக்கு இது கட்டாயம், பெரும்பாலான வீட்டுல அந்தக் காக்கைத் தொட்டே பல வருஷம் ஆகியிருக்கும்.

ஆசிரியர் அவர்களே, வண்டி கம்பெனிங்களுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் இந்தக் கோரிக்கை உங்க பேப்பர் வழியா போய்ச் சேரணும்னு கேட்டுக்குறேன். சீட்டுக்கு அடியில படம், இல்லன்னா குறைஞ்சபட்சம் ஓனர் புத்தகத்துல ரெண்டு பக்கம். பழைய மாடலுக்கு இனிமே ஸ்டிக்கர் வராது, அதனால கம்பெனிங்க அந்தப் பழைய வண்டிகளோட ட்யூப் படத்தை தமிழ்ல போட்டு இலவசமா எடுத்துக்கற மாதிரி செய்யணும், சர்வீஸ் சென்டர் சுவர்லயும் ஒட்டலாம். ஐடிஐயில படிக்கற பசங்களுக்கு டேங்க் கழட்டி மாட்டுறதுக்கு மார்க் போடும்போது ட்யூப் சரியான வழியில போயிருக்கான்னு பார்த்து அதுக்கும் தனியா மார்க் போடணும்.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. மழைக்காலத்துக்கு முன்னாடி வர்ற வாகனப் பக்கத்துல ஒரு கால் பக்கம் ஒதுக்கி, நம்ம ஊர்ல அதிகமா ஓடுற கார்பரேட்டர் வண்டி ஒண்ணோட ட்யூப் படத்தைப் பெருசா, பேரோட போடுங்க, வெட்டி எடுத்து டூல்ஸ் பெட்டி மூடியில ஒட்டிக்கற அளவுக்கு. ஸ்பிளெண்டருக்கு நானே கையால வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு ட்யூபும் எந்த வளையத்துக்குள்ள நுழையணும், எங்க முடியணும்னு குறிச்சிருக்கேன், இந்தக் கடிதத்தோட இணைச்சு அனுப்புறேன். அனுபவப்பட்ட மெக்கானிக் யாரையாவது வச்சு ஒரு தடவை சரிபார்த்துட்டு அச்சடிங்க, என் பேரைப் போடணும்னு அவசியமே இல்ல.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோவில்பட்டி